கரடி வருது... நிஜமாவே வருது!

உங்க வீட்டுல நாலு வயசுல ஒரு வாண்டு இருக்கா? அக்கா பையன், அண்ணன் பொண்ணு, எதிர்வீட்டு அராத்து... யாரா வேணா இருக்கட்டும். "காலேஜ்தான் லீவாச்சே, இவனுக்கு ரெண்டு வாய் சோறு ஊட்டி விடேன்"னு எப்பவாவது ஒரு கிண்ணத்தை உங்க கையில திணிச்சிருக்காங்களா? அப்படின்னா வாங்க, இது உங்களுக்குத்தான்.

"ஹலோ, ரெண்டு அரியரை முடிக்கவே வழியைக் காணோம். குழந்தை வளர்ப்புக்கு இப்ப என்ன அவசரம்?"னு கேக்குறீங்களா? நியாயமான கேள்வி. ஆனா, நமக்குக் குழந்தை பொறக்குற வரைக்கும் நாம யாரையும் வளர்க்கலைன்னு நினைச்சுக்கிட்டு இருந்தா அது தப்புக் கணக்கு பாஸ். இந்த உலகத்துல யாரை நம்பலாம்னு ஒரு குழந்தை மனசுக்குள்ள ஒரு லிஸ்ட் போடுமே... அதுல அம்மா அப்பாவுக்கு அடுத்து அக்கா, அண்ணன், மாமா, சித்தின்னு நம்ம பேருதான் வருது.

நான் நீலகிரிக்காரி. குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவுல ஒரு டீ எஸ்டேட். லைன் வீடு. அம்மா கொழுந்து பறிக்கப் போறவங்க. சாயங்காலம் நான் காலேஜ் முடிஞ்சு, பஸ் பிடிச்சு, மேட்டுல மூச்சு வாங்க ஏறி வந்து சேரும்போது எங்க வாசல்ல நாலஞ்சு பொடிசுங்க உட்கார்ந்திருக்கும். எல்லாருக்கும் நான்தான் அக்கா. வீட்டுப்பாடம், சண்டைத் தீர்ப்பு, மூக்கு சிந்தி விடுறது... எல்லாம் நம்ம டிபார்ட்மென்ட். இந்த வாசல்ல உட்கார்ந்து நான் புரிஞ்சுக்கிட்ட ஒரே ஒரு விஷயத்தைத்தான் உங்ககிட்ட சொல்லப் போறேன்: குழந்தைக்குப் பொறுமையும் நல்ல பழக்கமும் வரணும்னா, முதல்ல நம்ம வார்த்தை அதுங்ககிட்ட செல்லுபடியாகணும்.

ஊருக்கு ஒரு பூச்சாண்டி

ஒவ்வொரு ஊர்லயும் குழந்தையைச் சாப்பிட வைக்க ஒரு வில்லன் இருப்பார். சென்னையில போலீஸ் மாமா. மதுரையில பிள்ளை பிடிக்கிறவன். கோயம்புத்தூர்ல ஊசி போடுற டாக்டர். எல்லாரும் பாவம், அவங்க பாட்டுக்கு அவங்க வேலையைப் பார்த்துக்கிட்டு இருக்காங்க. நம்ம ஒரு வாய் சோத்துக்காக அவங்க பேரைக் கெடுத்து வெச்சிருக்கோம். பின்னால நிஜமாவே குழந்தைக்குக் காய்ச்சல் வந்து டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போனா, ஆஸ்பத்திரி வாசல்லயே ஊரைக் கூட்டும். போலீஸ்கிட்ட உதவி கேக்க வேண்டிய இடத்துல ஓடி ஒளியும்.

எங்க மலையில இந்த வேஷம் கரடிக்கு. "சாப்பிடலைன்னா கரடி வந்து தூக்கிட்டுப் போயிடும்!" "தூங்கலைன்னா கரடிகிட்ட சொல்லிடுவேன்!"

இங்கதான் ஒரு சிக்கல். உங்க ஊர் பூச்சாண்டி கற்பனை. எங்க ஊர்ல கரடி நிஜம்! டீச்செடிக்கு நடுவுல காட்டெருமை நின்னு மேயும். ராத்திரியில கரடி லைன் பக்கம் வந்து, கோயில்ல விளக்குக்கு வெச்சிருக்கிற எண்ணெயை மோப்பம் பிடிக்கும். சிறுத்தை நாயைத் தூக்கிட்டுப் போன கதை எல்லா எஸ்டேட்டுலயும் ஒண்ணு இருக்கும்.

ஒரு மார்கழி ராத்திரி. ஏழு மணி இருக்கும். கரன்ட் இல்லை. எங்க வீட்டுல ஆறேழு பேர் மெழுகுவத்தியைச் சுத்தி உட்கார்ந்திருந்தோம். திடீர்னு நாய்ங்க எல்லாம் ஒரே நேரத்துல குரைக்க ஆரம்பிச்சது. கோயில் பக்கத்துலேர்ந்து யாரோ, "கரடி! கரடி! யாரும் வெளிய வராதீங்க!"ன்னு கத்துறாங்க. எல்லாரும் கப்சிப். பக்கத்து வீட்டு நாலு வயசுப் பொடியன் மட்டும் கெக்கெக்கேன்னு சிரிக்கிறான். "கரடி இல்ல... சும்மா சொல்றாங்க!"ன்னு சொல்லிக்கிட்டே ஸ்டூல் மேல ஏறி தாழ்ப்பாளைத் தூக்கிட்டான். பாய்ஞ்சு போய் இடுப்போட சேர்த்துத் தூக்கினேன். ஜன்னல் வழியா பார்த்தா, தண்ணித் தொட்டிக்குப் பின்னால கறுப்பா ஒண்ணு அசைஞ்சு அசைஞ்சு போகுது.

அந்தப் பையன் முட்டாள் இல்லைங்க. அவன்தான் அங்க இருந்ததுலயே பெரிய விஞ்ஞானி! தினமும் ராத்திரி அவங்க வீட்டுல 'கரடி வருது'ன்னு சொல்லியிருக்காங்க. நூறு ராத்திரி சொல்லி, நூறு ராத்திரியும் வரலை. நூத்தி ஒண்ணாவது தடவை அவன் என்ன முடிவுக்கு வருவான்? 'கரடி வருதுன்னா, கரடி வராதுன்னு அர்த்தம்.' கணக்கு கரெக்ட். டேட்டாதான் தப்பு. அந்தத் தப்பு டேட்டாவைக் கொடுத்தது பெரியவங்க.

இதை ஏதோ காமெடின்னு நினைச்சுடாதீங்க. 2024 ஜனவரியில பந்தலூர் பக்கத்துல ஒரு தேயிலைத் தோட்டத்துல மூணு வயசுக் குழந்தையைச் சிறுத்தை தாக்கிக் கொன்னுடுச்சு. ஜார்க்கண்ட்லேர்ந்து பிழைக்க வந்த குடும்பத்துக் குழந்தை. அம்மாவோட நடந்து வந்துக்கிட்டு இருந்தபோதே நடந்தது. அதுல யாரோட வார்த்தையும் தப்பில்லை, யாரையும் குத்தம் சொல்ல முடியாது. ஆனா, அந்தச் செய்திக்கு அப்புறம் எங்க மலை முழுக்க இருக்கிற அம்மாக்கள் தங்களோட குழந்தைங்ககிட்ட, "என் கையை விடாதே, தனியா புதர்ப் பக்கம் போகாதே"ன்னு சொல்றாங்க. அந்த வார்த்தை குழந்தை மனசுல ஒட்டணும். நேத்து ராத்திரி அதே வாய் சோத்துக்காகப் பொய் சொல்லியிருந்தா, எப்படி ஒட்டும்?

பயமுறுத்தல் ஏன் வேலை செய்யுற மாதிரி தெரியுது?

ஏன்னா, அந்த நிமிஷத்துக்கு அது வேலை செய்யுது! வாயைத் திறக்குது, சோறு உள்ளே போகுது. எட்டு மணி நேரம் சரிவுல நின்னு, அட்டைக்கடி வாங்கி, தலையில மூட்டை தூக்கிட்டு வந்த ஒரு அம்மாவுக்கு வேற தெம்பு எங்க இருக்கும்? அதனால அம்மாக்களைத் திட்டுறது என் வேலை இல்லை. களைச்சுப் போனவங்க கையில எடுக்கிற முதல் ஆயுதம் பயம். அவ்வளவுதான்.

ஆனா இந்த ஆயுதத்துக்கு ரெண்டு குறை இருக்கு. ஒண்ணு, தினமும் டோஸ் ஏத்தணும். இன்னிக்கு ஒரு கரடி போதும். அடுத்த மாசம் ரெண்டு கரடி வேணும். ரெண்டாவது, சாப்பாட்டைப் பத்திக் குழந்தை எதையுமே கத்துக்கலை. பசிச்சா சாப்பிடணும், போதும்னா 'போதும்'னு சொல்லணும், கீழே சிந்தக் கூடாது... இதுல ஒண்ணாவது கரடிகிட்டேர்ந்து கத்துக்க முடியுமா?

மிட்டாயும் வர்க்கியும்

இப்ப கொஞ்சம் சைக்காலஜி க்ளாஸ். தூங்கிடாதீங்க, சுவாரஸ்யமான மேட்டர்தான்.

1960-களின் கடைசியில அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து நர்சரி பள்ளியில வால்டர் மிஷெல் என்ற உளவியல் பேராசிரியர் ஒரு சோதனையை ஆரம்பிச்சார். நாலஞ்சு வயசுக் குழந்தை முன்னால ஒரு மிட்டாய். "இப்பவே வேணும்னா இந்த ஒண்ணைச் சாப்பிடலாம். நான் திரும்பி வர்ற வரைக்கும் காத்திருந்தா ரெண்டு கிடைக்கும்." சொல்லிட்டு அவர் வெளியே போயிடுவார். நம்ம ஊருக்கு ஏத்த மாதிரி, சூடான ஊட்டி வர்க்கியைக் குழந்தை மூக்குக்கு நேரா வெச்சதா கற்பனை பண்ணிக்கோங்க!

சில குழந்தைங்க டபக்னு வாயில போட்டுக்கிச்சு. சிலது கண்ணை மூடிக்கிட்டு, பாட்டுப் பாடி, திரும்பி உட்கார்ந்து தாக்குப்பிடிச்சது. பல வருஷம் கழிச்சு விசாரிச்சப்போ, காத்திருந்த குழந்தைங்க படிப்புலயும் மத்ததுலயும் கொஞ்சம் முன்னாடி நிக்கிறதா சொன்னாங்க. அவ்வளவுதான்... 'மன உறுதி இருந்தா வாழ்க்கையில ஜெயிக்கலாம்'னு உலகம் முழுக்க மேடை போட்டுப் பேச ஆரம்பிச்சுட்டாங்க.

அங்கேயே நிறுத்தியிருந்தா கதை அழகா முடிஞ்சிருக்கும். ஆனா, செலஸ்ட் கிட் என்ற மாணவிக்கு ஒரு சந்தேகம் வந்தது. அவங்க வீடில்லாத குடும்பங்கள் தங்குற ஒரு காப்பகத்துல வாலன்டியரா இருந்தவங்க. 'இங்க இருக்கிற குழந்தைங்ககிட்ட இந்தச் சோதனையை வெச்சா, எல்லாமே உடனே சாப்பிட்டுடுமே. கையில இருக்கிறதை எவன் எப்ப பிடுங்குவான்னு தெரியாத இடத்துல காத்திருக்கிறதுதானே மடத்தனம்?' இப்படி யோசிச்சாங்க.

அப்புறம் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்துல 28 குழந்தைகளை வெச்சு அதைச் சோதிச்சும் பார்த்தாங்க. முதல்ல, தேய்ஞ்சு போன க்ரேயானைக் கொடுத்து, "கொஞ்சம் இரு, நல்லதா எடுத்துட்டு வரேன்"னு சொன்னாங்க. பாதிக் குழந்தைகளுக்குச் சொன்னபடியே புது க்ரேயான் வந்தது. மீதிப் பாதிக்கு, "ஸாரி, இல்லையாம்"னு வெறுங்கையோட திரும்பி வந்தாங்க. ஸ்டிக்கருக்கும் அதே கதை. அதுக்கப்புறம்தான் மிட்டாய்.

ஏமாத்தப்பட்ட குழந்தைங்க சராசரியா மூணு நிமிஷம் காத்திருந்தது. சொன்ன சொல் காப்பாத்தப்பட்ட குழந்தைங்க பன்னிரண்டு நிமிஷம்! முழு 15 நிமிஷமும் தாக்குப்பிடிச்சவங்க, அந்தப் பதினாலு பேர்ல ஒருத்தர், இந்தப் பதினாலு பேர்ல ஒன்பது பேர். இந்த ஆய்வு 2013-ல வெளிவந்தது.

குழந்தையோட மன உறுதியை அளக்குறோம்னு நினைச்ச இடத்துல, பெரியவங்களோட நாணயத்தையும் சேர்த்து அளந்திருக்காங்க! 2018-ல 900-க்கும் மேற்பட்ட குழந்தைகளோட விவரங்களை வெச்சு இன்னொரு குழு பார்த்தப்போ, குடும்பப் பின்னணியையும் கணக்குல எடுத்துக்கிட்டா, மிட்டாய்க்குக் காத்திருந்ததால பிற்காலத்துல கிடைச்சதா சொன்ன லாபம் ரொம்பவே சுருங்கிடுச்சு. சின்ன ஆய்வு, பெரிய ஆய்வு எல்லாத்துக்கும் வரம்பு உண்டு. இருந்தாலும் எங்க லைன்ல 'இவனுக்குப் பொறுமையே இல்லை'ன்னு யாராவது சொன்னா, நான் இப்ப முதல்ல கேக்குறது இதைத்தான்: 'இவன்கிட்ட கடைசியா சொன்ன சொல்லை யார் காப்பாத்தினது?'

'போயிட்டு வரேன்'

இந்த ஆராய்ச்சியெல்லாம் எங்க பாட்டிக்குத் தெரியாது. ஆனா விஷயம் தெரியும்.

பாட்டி சிலோன்லேர்ந்து வந்தவங்க. 1964-ல சிரிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் போட்டாங்களே, அதுல பெட்டி படுக்கையோட அனுப்பி வைக்கப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள்ல எங்களோடதும் ஒண்ணு. இங்க வந்து கொஞ்ச காலம் கொழுந்து பறிச்சாங்க. அப்புறம் எஸ்டேட் கிரெச்சுல ஆயா வேலை. 1951-ல வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்கள் வேலை செய்யுற தோட்டத்துல ஆறு வயசுக்குக் கீழே இருக்கிற குழந்தைங்களுக்கு கிரெச் வேணும்னு சொல்லிச்சு. அதனால நம்ம நாட்டுல மத்தவங்க 'ப்ளே ஸ்கூல்'னு பேரைக் கேள்விப்படுறதுக்கு முன்னாடியே, எங்க மலைக் குழந்தைங்க காலையில ஏழரைக்கெல்லாம் அம்மாவை விட்டுப் பிரியப் பழகிடுச்சு.

புதுசா ஒரு குழந்தை வந்தா கிரெச்சுல என்ன நடக்கும்? "அதோ பாரு காக்கா!"ன்னு பராக்குக் காட்டுவாங்க. அந்த கேப்புல அம்மா நைசா நழுவிடுவாங்க. குழந்தை திரும்பிப் பார்த்தா அம்மா இல்லை! இந்த வேலையைப் பாட்டி கிட்டவே சேர்க்க மாட்டாங்க. "சொல்லிட்டுப் போடி. அழுதா அழட்டும். ஏமாத்திட்டு மட்டும் போகாதே"ன்னு அம்மாவைப் பிடிச்சு நிறுத்துவாங்களாம்.

ஒரு தடவை காக்காவைப் பார்த்து ஏமாந்த குழந்தை, அடுத்த நாள் காக்காவையே பார்க்காது. அம்மா முந்தானையை முறுக்கிப் பிடிச்சுக்கிட்டு அதைத்தான் பார்க்கும். சாயங்காலம் வீட்டுக்குப் போனாலும் விடாது. அம்மா தண்ணி பிடிக்கப் போனாலும் அலறும். இதைத்தான் நம்ம வீட்டுப் பெரியவங்க 'பிள்ளை ஏங்கிப் போச்சு'ன்னு சொல்லுவாங்க.

கவனிச்சிருக்கீங்களா? தமிழ்ல நாம யாரும் 'போறேன்'னு சொல்லிட்டுக் கிளம்ப மாட்டோம். சொன்னா வீட்டுல திட்டு விழும். 'போயிட்டு வரேன்'னுதான் சொல்லணும். அந்த 'வரேன்' ஒரு சத்தியம். குழந்தை முதல் நாள் அதை நம்பாது. அரை மணி நேரம் அழும். ஆனா சாயங்காலம் அம்மா சொன்ன மாதிரியே வந்து நிப்பாங்க. ரெண்டாம் நாளும் வருவாங்க. நாலஞ்சு நாள்ல அழுகை பத்து நிமிஷமா குறையும்.

குழந்தைக்கு மணி பார்க்கத் தெரியாதே? அதுக்கும் பாட்டிகிட்ட ஒரு ஐடியா இருந்தது. "சாயங்காலம் வருவா"ன்னு மொட்டையா சொல்ல மாட்டாங்க. "சோறு சாப்பிடுவோம். தூங்கி எந்திரிப்போம். ஃபேக்டரிச் சங்கு ஊதும். அம்மா இலையை நிறுத்துப் போட்டுட்டு வருவா." இதே வரிசை, தினமும், மாறாம. சங்கு ஊதின உடனே அழற குழந்தைகிட்ட, "இப்ப இலை நிறுக்குறாங்க"ன்னு சொன்னா போதுமாம். மூக்கை உறிஞ்சிக்கிட்டு வாசல்ல போய் உட்காருமாம். பொறுமைங்கிறது பாடம் நடத்தி வர்றது இல்லை. இப்படி ஒவ்வொரு சங்குக்கும் ஒரு சொட்டா சேருது.

பேர் வெச்சா பாதி குறையும்

அடுத்தது உணர்ச்சி மேட்டர். குழந்தை கையைக் காலை உதைச்சு அழும்போது நாம என்ன கேக்குறோம்? "ஏன் அழற?" அதுக்கே தெரிஞ்சா அது ஏன் அழுது!

தமிழ்ல உணர்ச்சிக்கு எத்தனை வார்த்தை இருக்கு பாருங்க. கோபம், பயம், ஏக்கம், கூச்சம், பொறாமை, ரோஷம், சலிப்பு... ஆனா குழந்தைங்ககிட்ட நாம சொல்றது ஒரே வார்த்தைதான்: "அடம்". தம்பிப் பாப்பாவை எல்லாரும் கொஞ்சுறதைப் பார்த்து அழுதாலும் அடம். தூக்கம் வந்து அழுதாலும் அடம். விளையாட்டுல தோத்துட்டு ரோஷத்துல அழுதாலும் அடம்.

அதுக்குப் பதிலா ஒரு தடவை இப்படிச் சொல்லிப் பாருங்க: "அவன் உன் பம்பரத்தை எடுத்துட்டான்னு உனக்குக் கோவம், இல்ல?" உடனே அழுகை நின்னுடாது. மேஜிக் எல்லாம் இல்லை. ஆனா ஒரு செகண்ட் உங்களைப் பார்க்கும். 'எனக்கு உள்ளே நடக்கிற இந்தக் களேபரத்துக்குப் பேர் கோவமா?' நாலு தடவை நீங்க சொன்னா, அஞ்சாவது தடவை அதுவே ஓடி வந்து, "அக்கா, எனக்குக் கோவம் வருது"ன்னு சொல்லும். அடிக்கிறதுக்கு முன்னாடி சொல்லும். அதுதான் வெற்றி! உணர்ச்சிக்குப் பேர் சொல்றப்போ மூளையில அந்தப் படபடப்பு கொஞ்சம் அடங்குறதா, பெரியவங்களை வெச்சு 2007-ல நடந்த ஸ்கேன் ஆய்வுகூட சொல்லுது.

எங்க எஸ்டேட்டுல இதுல ஒரு புதுச் சவால் வந்திருக்கு. இப்ப கொழுந்து பறிக்க ஜார்க்கண்ட், அஸ்ஸாம்னு எங்கேர்ந்தெல்லாமோ குடும்பங்கள் வருது. அந்தக் குழந்தைங்க இந்தியோ சாத்ரியோ பேசும். தமிழ்ல அழத் தெரியாதேன்னு அழுகையை நிறுத்தவா முடியும்? எங்க வாசலுக்கு வர்ற அஞ்சு வயசுப் பொண்ணு ஒருத்தி, முதல் ரெண்டு வாரம் யார் கிட்ட வந்தாலும் கடிச்சு வெச்சா. எல்லாரும் 'கடிக்கிற பாப்பா'ன்னு பட்டம் கட்டிட்டாங்க. அவ அம்மாகிட்ட கேட்டு ரெண்டு வார்த்தை கத்துக்கிட்டேன். 'குஸ்ஸா'ன்னா கோபம். 'டர்'னா பயம். அடுத்த தடவை அவ பல்லைக் காட்டினப்போ, "டர்?"னு கேட்டேன். தலையை ஆட்டினா. கோபம்னு நாங்க எல்லாரும் நினைச்சது அவ்வளவும் பயம்! புரியாத பாஷையில பத்துப் பேர் சுத்தி நின்னு பேசினா நமக்கே வியர்க்குமே? இப்ப அவ தமிழ்லயே சண்டை போடுறா. கடிக்கிறது போச்சு.

பிரேக் போட ஒரு ஆள்

நீலகிரி மலை ரயில்ல போயிருக்கீங்களா? மேட்டுப்பாளையத்துலேர்ந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர். 2005-ல யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியல்ல இடம் பிடிச்ச ரயில். அடுத்த தடவை வந்தா ரெண்டு விஷயம் கவனிங்க. கல்லாறுலேர்ந்து குன்னூருக்கு ஏறும்போது இன்ஜின் முன்னாடி இருந்து இழுக்காது. பின்னாடி இருந்து தள்ளும். பெட்டிங்க சரிவுல நழுவினா தாங்கிப் பிடிக்க அது கீழ்ப்பக்கம் நிக்குது. அது மட்டும் இல்லாம, பெட்டிக்குப் பெட்டி ஒரு பிரேக்ஸ்மேன் நின்னு பிரேக்கைப் பார்த்துக்குவார்.

குழந்தையோட மூளையில ஆக்ஸிலரேட்டர் பக்காவா இருக்கு. பிரேக் இன்னும் மாட்டலை! ஆசையை அடக்குற, யோசிச்சு முடிவெடுக்கிற அந்த முன்மூளைப் பகுதி முழுசா வளர்ந்து முடிய இருபதுகளின் நடுப்பகுதி வரைக்கும் ஆகுமாம். அதாவது, எக்ஸாமுக்கு முதல் நாள் ராத்திரி சீரியல் பார்க்குற உங்களுக்கும் எனக்குமே இன்னும் வேலை நடந்துக்கிட்டு இருக்கு. நாலு வயசுக் குழந்தைகிட்ட 'கன்ட்ரோலா இரு'ன்னு கத்தினா எப்படி? அதுக்குப் பிரேக் வர்ற வரைக்கும் நாமதான் பக்கத்துல நிக்கிற பிரேக்ஸ்மேன்.

ஊட்டி சேரிங் கிராஸ். கையில ஒரு வாண்டு. பலூன்காரரைப் பார்த்ததும் நடுரோட்டுல உட்கார்ந்துடுச்சுன்னு வெச்சுக்கோங்க. பஸ்லேர்ந்து எல்லாம் எட்டிப் பார்க்குறாங்க. மானம் போகுது. என்ன செய்வீங்க? பத்துல எட்டுப் பேர் முதல்ல "வேணாம்"னு சொல்லுவோம். ரெண்டாவது அலறல்ல "வேணாம்னு சொன்னேன்ல"ம்போம். மூணாவது அலறல்ல பலூன் வாங்கிக் கொடுத்துடுவோம். இப்ப குழந்தை என்ன கத்துக்கிச்சு? பலூனோட விலை மூணு அலறல்!

சொன்ன சொல் காப்பாத்தணும்கிறது 'தரேன்'னு சொன்னதுக்கு மட்டும் இல்லை. 'தர மாட்டேன்'னு சொன்னதுக்கும்தான். அதனால எதை வாங்கித் தரலாம்னு முதல் தடவை கேக்கும்போதே முடிவு பண்ணிடுங்க. வாங்கித் தரலாம்னா சிரிச்சுக்கிட்டே உடனே வாங்கிக் கொடுங்க. முடியாதுன்னா, கடைசி வரைக்கும் முடியாது. ஓரமா தூக்கிட்டுப் போய், கூட உட்கார்ந்து, குரலை உயர்த்தாம, "பலூன் வேணும்னு ஆசையா இருக்கு. கிடைக்கலைன்னு அழுகை வருது. அழு, நான் இங்கயே இருக்கேன்"னு சொல்லுங்க. பத்து நிமிஷம் ஆகும். பஸ்காரங்க பார்க்கட்டும். அவங்களை நாளைக்குப் பார்க்கப் போறோமா என்ன?

'அடியாத மாடு படியாது' சரியா?

இந்தப் பழமொழியைச் சொல்லாம ஒரு தாத்தாவாவது இருக்காரா? தாத்தா, அது மாட்டுக்குச் சொன்னது. மாட்டுக்கே சரிதானான்னு தெரியலை.

தமிழ்நாட்டுல பள்ளிக்கூடத்துல அடிக்கிறதுக்கு 2003-லயே தடை வந்தாச்சு. 2009-ல வந்த கல்வி உரிமைச் சட்டம் உடம்பை அடிக்கிறது, மனசை நோகடிக்கிறது ரெண்டையும் தடை செஞ்சது. ஸ்வீடன்ல 1979-லேர்ந்து வீட்டுலகூட அடிக்கக் கூடாது. 2016-ல வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பு ஆய்வு, 1,60,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பத்தின பழைய ஆய்வுகளை எல்லாம் ஒண்ணு சேர்த்துப் பார்த்துச்சு. அடி வாங்குறதுக்கும் நல்லா நடந்துக்கிறதுக்கும் சம்பந்தம் கிடைக்கலை. முரட்டுத்தனத்துக்கும் மனச்சோர்வுக்கும்தான் சம்பந்தம் தெரிஞ்சுது.

எனக்கு இதைவிடச் சின்னதா ஒரு லாஜிக் இருக்கு. தம்பியை அடிச்ச குழந்தையை, "அடிப்பியா? அடிப்பியா?"ன்னு கேட்டுக்கிட்டே நாம அடிக்கிறோம். அதுக்கு என்ன புரியும்? அடிக்கிறது தப்பு இல்லை, தன்னைவிடப் பெரியவனை அடிக்க முடியாதுன்னுதானே?

கையில இருக்கிற வாக்கு

கடைசியா ஒரு முக்கியமான விஷயம். 'சொன்னதைச் செய்'னு சொல்றது சுலபம். கூலி வந்தாத்தான் கடைக்குப் போக முடியும்கிற வீட்டுல, அம்மா அப்பா ஆசையா சொன்ன வாக்கு எத்தனையோ உடையும். அது அவங்க நாணயத்தோட குறை இல்லை, நிலைமையோட குறை. அதனால நாம கொடுக்கிற வாக்கு நம்ம கைக்குள்ள அடங்கணும். "அடுத்த மாசம் சைக்கிள் வாங்கித் தரேன்"னு அளக்காதீங்க. "பாத்திரம் கழுவிட்டு வந்து ஒரு கதை சொல்றேன்"னு சொல்லுங்க. காசு செலவில்லை. கழுவி முடிச்சதும் ஈரக்கையைத் துடைச்சுக்கிட்டு நேரா போய் உட்கார்ந்து சொல்லிடுங்க. அது கேக்கலைன்னாலும் சொல்லுங்க.

அதையும் மீறி வாக்கு உடையும். எங்க ஊர்ல ஐப்பசி, கார்த்திகை மழையில தண்டவாளத்துல மண் சரிஞ்சு மலை ரயிலை நிறுத்திடுவாங்க. "ஞாயித்துக்கிழமை ரயில்ல போறோம்"னு ஒரு வாரமா எண்ணிக்கிட்டு இருந்த குழந்தைகிட்ட என்ன சொல்றது? அது கேக்குற வரைக்கும் மறைக்காதீங்க. தெரிஞ்ச உடனே நீங்களா போய்ச் சொல்லுங்க. முடிஞ்சா குன்னூர் ஸ்டேஷனுக்கே கூட்டிட்டுப் போய், நின்னுக்கிட்டு இருக்கிற பெட்டியைக் காட்டுங்க. "மண் விழுந்திருக்கு. மாமாக்கள் அள்ளிக்கிட்டு இருக்காங்க. அள்ளி முடிச்சதும் நாம போறோம்." அழும். அழட்டும். ஏமாத்தம் வேற, ஏமாத்தப்படுறது வேற. அந்த வித்தியாசம் பெரியவங்களைவிடக் குழந்தைங்களுக்கு நல்லாவே தெரியும். ரயில் திரும்ப ஓட ஆரம்பிச்ச உடனே நீங்களா ஞாபகம் வெச்சுக் கூட்டிட்டுப் போய்ப் பாருங்க. அதுக்கப்புறம் நீங்க சொல்ற வார்த்தைக்கு அந்தக் குழந்தைகிட்ட இருக்கிற மதிப்பே தனி!

அதனால ஃப்ரெண்ட்ஸ், இந்த வாரம் ஒரு சின்ன அசைன்மென்ட். இன்டர்னல் மார்க் எல்லாம் கிடையாது. உங்க வீட்டு வாண்டுகிட்ட ஒரே ஒரு வாக்கு கொடுங்க. 'நாளைக்குக் காலேஜ் விட்டு வந்ததும் பத்து நிமிஷம் உன்கூட விளையாடுறேன்.' அவ்வளவுதான். நாளைக்கு வந்ததும் பையைக் கழட்டுறதுக்கு முன்னாடி, செல்போனைத் தூக்கி ஓரமா வெச்சுட்டு, அந்தப் பத்து நிமிஷத்தைக் கொடுத்துடுங்க. ஒரு வாரம் விடாம செய்யுங்க. எட்டாவது நாள், "அக்கா குளிச்சுட்டு வரேன், அது வரைக்கும் சமத்தா உட்காரு"ன்னு சொல்லிட்டுப் போங்க.

திரும்பி வரும்போது எங்க உட்கார்ந்திருக்குன்னு மட்டும் பாருங்க.